கிலொம்பேரோ: வெள்ளம் ஆண்ட சமவெளியும் அதன் தூக்கணாங்குருவியும்

கிலொம்பேரோ தூக்கணாங்குருவி உலகில் ஒரே ஓர் ஆற்றுச் சமவெளியில்தான் வாழ்கிறது. தெற்குத் தான்சானியாவில், உட்சுங்வா மலைத்தொடருக்கும் மஹெங்கே மேட்டுநிலத்துக்கும் நடுவே, சுமார் 250 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் கிலொம்பேரோ பள்ளத்தாக்கு அது. நம் வயல்வெளித் தூக்கணாங்குருவி இருக்கும் ப்ளோசியஸ் என்ற பேரினத்தில்தான் 1990இல் இதையும் சேர்த்தார்கள். ஆசிய இனங்களும் ஆப்பிரிக்க இனங்களும் முன்பு எண்ணிய அளவுக்கு நெருங்கிய உறவு அல்ல என்று பின்னால் வந்த மரபணு ஆய்வுகள் சொல்கின்றன. ஆண் குருவிக்கு மஞ்சள் உடல், கறுத்த முகம், பசுமை கலந்த முதுகு. பெண்ணுக்கு அந்தக் கறுப்பு முகம் கிடையாது. ஆற்றோரத்து நாணல் தண்டுகளில், தண்ணீருக்கு மேலே, கூட்டமாகக் கூடு பின்னுவது இதன் வழக்கம். நாணல் இருக்கும் இடத்தை ஆறு தீர்மானிக்கிறது. ஆற்றை மலைமேல் பெய்யும் மழை தீர்மானிக்கிறது. ஆகவே இந்தக் குருவியின் வரலாறு அந்தச் சமவெளியின் வரலாற்றோடு ஒன்றாகக் கிடக்கிறது.

உட்சுங்வாவின் செங்குத்தான கிழக்குச் சரிவு இந்தியப் பெருங்கடலிலிருந்து வரும் மேகங்களைத் தடுத்து நிறுத்துகிறது. அங்கே ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்யும் இடங்கள் உண்டு. ருஹுஜி, ம்னியேரா, ம்பங்கா முதலிய ஆறுகள் அந்த நீரைக் கொண்டுவந்து சமவெளியில் சேர்க்க, கிலொம்பேரோ ஆறு உருவாகிறது. நவம்பர், டிசம்பரில் தொடங்கும் மழை மே வரை நீளும். மார்ச், ஏப்ரலில் ஆறு கரையைத் தாண்டிப் பரந்து, சமவெளியின் நடுப்பகுதி பல கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரே நீர்ப்பரப்பாக மாறிவிடும். ஜூனுக்குப் பிறகு நீர் மெல்ல வடிந்து, குட்டைகளையும் பழைய ஆற்றுத் தடங்களையும் வண்டலையும் விட்டுவிட்டுப் போகும். வெள்ளம் வடிந்த மண்ணில் புதுப்புல் முளைக்கும். மேட்டுக்கு ஒதுங்கியிருந்த பூக்கு மான்கள் அந்தப் புல்லைத் தேடி ஆற்றருகே இறங்கும். வெள்ளம் எவ்வளவு நாள் நிற்கிறதோ அதற்கேற்பத் தாவரங்கள் வரிசை கட்டி நிற்கின்றன: ஆற்றின் விளிம்பில் ஆளுயரத்துக்கு மேல் வளரும் கொறுக்கை இனத்து நாணல், அதற்கு அப்பால் குட்டைப்புல், அடுத்து உயரமான புல், சமவெளியின் ஓரத்தில் மியோம்போ எனப்படும் உலர்காடு. குருவிக்கு வேண்டியது இவற்றில் முதல் வரிசை மட்டும். வரைபடத்தில் பார்த்தால் அது ஆற்றை ஒட்டிய மெல்லிய கோடுதான்.

இந்தச் சமவெளியைப் பற்றி எழுதியவர்கள் பலரும் இதை ஆளில்லாத சதுப்பு என்றே எழுதினார்கள். அது சரியான கணிப்பு அல்ல. ஆற்றை நம்பி வாழ்ந்த ண்டம்பா மக்கள் மரத்தைக் குடைந்த தோணிகளில் மீன் பிடித்தார்கள்; வெள்ளம் வரும் இடத்தில் நெல்லும் மேட்டில் மற்ற பயிர்களும் விளைவித்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், தெற்கிலிருந்து வந்த ங்கொனிப் படையெடுப்புகளின் அலையில் உருவான ம்புங்கா மக்கள் இஃபகாரா என்ற ஊரைச் சுற்றிக் குடியேறினார்கள். மேல்நிலத்து பெனா மக்களில் ஒரு பிரிவினர் கீழே இறங்கி ஆற்றங்கரையில் தங்களுக்கென ஒரு தலைமையை நிறுவினார்கள். மஹெங்கே மேட்டில் பொகோரோ மக்கள் இருந்தார்கள். 1879இல் ஜோசப் தாம்சன் என்ற ஸ்காட்லாந்து இளைஞர், தம் குழுவின் தலைவர் கீத் ஜான்ஸ்டன் வழியில் இறந்துபோன பிறகு பயணத்தைத் தாமே ஏற்று நடத்தி, இந்த ஆற்றைக் கடந்து ஏரிகளை நோக்கிப் போனார். அப்போது ஐரோப்பியர் அறிந்த பெயர் உலாங்கா அல்லது உராங்கா. பழைய வரைபடங்களில் அந்தப் பெயரே நீண்ட காலம் தொடர்ந்தது.

நெல் இங்கே கடற்கரை வணிகத்தின் வழியாக வந்து வேரூன்றிய பயிர். வெள்ளத்தோடு சேர்ந்து வளரும் இந்த நெல் வேளாண்மைக்குக் குடும்பங்கள் வீட்டை விட்டுப் பல மாதங்கள் வயலுக்கே போய்த் தங்குவது வழக்கம். வயலில் பரண் கட்டி, கதிர் முற்றும் காலத்தில் குருவிகளையும் காட்டுப்பன்றிகளையும் நீர்யானைகளையும் விரட்டுவார்கள். சிறுவர்களுக்குக் குருவி விரட்டுவதே வேலை. வெள்ளம் ஏறி இறங்குவதைக் கணக்குப் பார்த்து, அதன் போக்கில் இடம் மாறி வாழ்ந்த மக்கள் அவர்கள். ஆற்றை ஒரே இடத்தில் கட்டிப்போட அவர்கள் முயலவில்லை. ஆற்றங்கரை நாணல் அவர்களோடு சேர்ந்தே நூற்றாண்டுகள் இருந்துவந்திருக்கிறது.

1905 ஜூலையில், ஜெர்மன் ஆட்சி கட்டாயப் பருத்திச் சாகுபடியைத் திணித்ததை எதிர்த்து, கடற்கரைக்கு அருகே மாட்டும்பி மலைகளில் மாஜி மாஜி கிளர்ச்சி வெடித்தது. மந்திரித்த நீரைப் பூசிக்கொண்டால் துப்பாக்கிக் குண்டு தண்ணீராகிவிடும் என்ற நம்பிக்கை அதைச் சில வாரங்களில் தெற்கு முழுவதும் பரப்பியது. ஆகஸ்ட் 30 அன்று பொகோரோ, ம்புங்கா வீரர்கள் ஆயிரக்கணக்கில் மஹெங்கேயின் ஜெர்மன் கோட்டையைத் தாக்கி, இயந்திரத் துப்பாக்கிகளின் முன் கொத்துக்கொத்தாக மடிந்தார்கள். பெனா தலைவர் கிவாங்கா ஜெர்மானியர் பக்கம் நின்று அந்தப் போரிலேயே உயிரிழந்தார். ஆளுநர் கோட்சனின் படைகள் அடுத்து எரித்தது கிராமங்களையும் தானியத்தையும். பட்டினியால் இறந்தவர்கள் போரில் இறந்தவர்களைவிடப் பல மடங்கு. மொத்த இழப்பை ஜெர்மானியக் கணக்கு 75,000 என்றது. பின்னாளைய வரலாற்றாசிரியர்கள் இரண்டரை லட்சம், மூன்று லட்சம் வரை மதிப்பிடுகிறார்கள்.

அந்த அழிவு நிலத்தின் முகத்தையே மாற்றியது. மனிதர் விட்டுப்போன வயல்களைப் புதர் மூடியது. புதரோடு காட்டு விலங்குகளும், அவற்றின் இரத்தத்தைக் குடித்து வாழும் செட்ஸி ஈயும் பரவின. செட்ஸி ஈ இருக்கும் இடத்தில் மாடு வளர்க்க முடியாது. மனிதருக்கும் அது உறக்க நோயைக் கொண்டுவரும். தெற்குத் தான்சானியாவின் பெருங்காடுகளில் கணிசமான பகுதி மனிதக் கைபடாத தொல்காடு அல்ல, மாஜி மாஜி பஞ்சத்துக்குப் பிறகு விலங்குகள் வென்றெடுத்த நிலம் என்று ஜான் இலிஃப் போன்ற வரலாற்றாசிரியர்கள் காட்டியிருக்கிறார்கள். சமவெளியை அடுத்திருந்த செலூஸ் காப்பகம் பெரிதாக வளர்ந்ததற்கும் இந்த வெறுமை ஒரு காரணம். கிலொம்பேரோவின் வளமான காட்டுயிரைப் பாராட்டும்போது அதற்கு அடியில் கிடக்கும் இந்த இறப்புகளை மறப்பது நேர்மையாகாது.

முதல் உலகப் போரில் 1917 அக்டோபரில் பெல்ஜியப் படை மஹெங்கேயைப் பிடித்தது. பிறகு நாடு பிரிட்டிஷ் ஆட்சிக்குள் வந்தது. அதிகாரிகள் இந்தச் சமவெளியைப் பார்த்தபோது அவர்கள் கண்ணில் பட்டது வீணாகக் கிடக்கும் வளம். ஏ. எம். டெல்ஃபோர்டின் ருஃபிஜி, கிலொம்பேரோ பள்ளத்தாக்குகளின் மேம்பாடு பற்றிய அறிக்கை 1929இல் வெளிவந்தது. பாசனம், ரயில், பெருஞ்சாகுபடி என்ற கனவுக்கு அதில் உருவம் கிடைத்தது. அதிலிருந்து வந்த ஒவ்வொரு தலைமுறையும் அதே கனவைப் புதிய அட்டையோடு எடுத்து வந்தது. 1950களின் பிற்பாதியில் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் ருஃபிஜி வடிநிலம் முழுவதையும் அளந்து 1961இல் பல தொகுதிகளாக அறிக்கை தந்தது. ருஃபிஜியின் நீரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கிலொம்பேரோவிலிருந்து வருகிறது என்பதால் அந்தத் தொகுதிகளில் இந்தச் சமவெளிக்கு மைய இடம் கிடைத்தது. நீரின் அளவு, மண்ணின் வகை, அணை கட்டத்தக்க இடம் எல்லாம் அளக்கப்பட்டன. நாணலில் கூடு கட்டும் குருவி எது என்று பார்ப்பது யாருடைய பணியாகவும் இருக்கவில்லை.

மாவட்ட அதிகாரியாக இருந்த ஏ. டி. கல்விக்கும் அவர் மனைவி ஜி. எம். கல்விக்கும் இங்கே வேறு வகையான வேலை செய்தார்கள். ஆற்றங்கரை பெனா மக்களின் வாழ்க்கையை விரிவாகப் பதிவுசெய்த அவர்களின் நூல் 1935இல் வந்தது. ஆனால் 1940களில் அதே நிர்வாகம், உறக்க நோயைத் தடுக்கவென்று, சிதறி வாழ்ந்த மக்களைப் பெரிய குடியிருப்புகளில் ஒன்றுசேர்த்தது. ஆற்றின் போக்கில் பரவியிருந்த ஊர்கள் சாலையோரம் நகர, சமவெளியின் நடுப்பகுதி இன்னும் காலியானது. பின்னர் அது வேட்டைக் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. பூக்கு மான்கள் பெருகின. ஒரு கட்டத்தில் உலகில் இருந்த பூக்குகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று இந்த ஒரு சமவெளியில் மேய்ந்தன.

விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் கனவுகள் செயலாகத் தொடங்கின. 1960களின் தொடக்கத்தில் பள்ளத்தாக்கின் வட முனையில், கிடாட்டு அருகே, கரும்புத் தோட்டமும் சர்க்கரை ஆலையும் எழுந்தன. அதைவிடப் பெரிய மாற்றத்தை ரயில் கொண்டுவந்தது. தென்னாப்பிரிக்க, ரொடீஷிய வெள்ளையர் ஆட்சிகளின் வழித்தடங்களை நம்பாமல் ஸாம்பியாவின் தாமிரம் கடலை அடைய வேண்டும் என்பதற்காக, சீனாவின் உதவியோடு 1970 முதல் 1975 வரை தஸாரா ரயில் பாதை போடப்பட்டது. தார் எஸ் ஸலாமிலிருந்து ஸாம்பியாவின் நியூ கபிரி ம்போஷி வரை 1,860 கிலோமீட்டர். உட்சுங்வாவின் அடிவாரத்தை ஒட்டி, இஃபகாரா வழியாக ம்லிம்பா வரை சமவெளியின் ஓரத்திலேயே அது ஓடுகிறது. ம்லிம்பாவிலிருந்து மகாம்பாகோ வரை 157 கிலோமீட்டரில் 18 சுரங்கங்களும் 46 பாலங்களும் வேண்டியிருந்தன. அரசு அந்தப் பாதையை ஒட்டியே உஜாமா கூட்டுக் கிராமங்களை அமைத்தது. மலைநாட்டிலிருந்தும் தொலைவிலிருந்தும் மக்கள் ரயிலேறி வந்து நெல் பயிரிட்டார்கள். வாழைத்தாரும் அரிசி மூட்டையும் நிலையம் நிலையமாக ஏறின. இந்தப் பாதையின் சமூக வரலாற்றை ஜேமி மான்சன் தம் ஆய்வுகளில் நுணுக்கமாகச் சொல்லியிருக்கிறார்.

குருவி அறிவியலின் கண்ணில் பட்ட இடமும் இந்தப் போக்குவரத்தின் ஒரு முனைதான். இஃபகாராவில் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த கபூச்சின் துறவிகள் மருத்துவமனை நடத்தினார்கள். 1950களின் பிற்பாதியில் ருடால்ஃப் கைகி அங்கே சுவிஸ் வெப்பமண்டல நிறுவனத்தின் கள ஆய்வகத்தைத் தொடங்கினார். இன்று மலேரியா ஆய்வில் உலகம் அறிந்த இஃபகாரா சுகாதார நிறுவனத்தின் வேர் அது. கொசு, ஈ, உண்ணி எல்லாம் இங்கே பல பத்தாண்டுகள் ஆராயப்பட்டன. ஊருக்குத் தெற்கே, மஹெங்கே சாலை கிலொம்பேரோ ஆற்றைச் சந்திக்கும் இடத்தில், வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு அக்கரை போகும் படகுத்துறை இருந்தது. அந்தத் துறையின் இருபுறமும் நாணல். அதில், 1980களின் பிற்பகுதியில், பெயர் தெரியாத தூக்கணாங்குருவிக் கூட்டம் ஒன்றைப் பறவையியலாளர்கள் கவனித்தார்கள். நீல் பேக்கரும் எலிசபெத் பேக்கரும் பிரிட்டிஷ் பறவையியல் கழகத்தின் ஏட்டில் 1990இல் அதைப் புதிய இனமாக விவரித்து ப்ளோசியஸ் பர்னீரி என்று பெயரிட்டார்கள்.

படகுக்காகக் காத்திருந்த பல்லாயிரம் பேர் பார்த்திருக்கக்கூடிய, பளிச்சென்ற மஞ்சள் நிறக் குருவி இவ்வளவு காலம் பெயரில்லாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. ஆப்பிரிக்காவில் மஞ்சள் உடலும் கறுப்பு முகமும் கொண்ட தூக்கணாங்குருவிகள் பல. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் பிரித்தறிவது இன்னும் கடினம். இந்தக் குருவி நாணலில் கூடு கட்டும் மழைக்காலத்திலோ சாலைகள் சேறாகி, சமவெளிக்குள் நுழைவதே பெரும்பாடு. அதே சமவெளியில் சிஸ்டிகோலா எனப்படும் சிறு புல்வெளிக் குருவிகளில் இரண்டு புதிய இனங்கள் இருப்பதையும் அந்தப் பத்தாண்டிலேயே கண்டுகொண்டார்கள். ஒரே சதுப்பில் வேறெங்கும் இல்லாத மூன்று பறவைகள் என்பது ஆப்பிரிக்கப் பறவையியலில் மிக அரிது. இந்த ஆற்றமைப்பில் வாழும் புலிமீன் ஒன்றும் 1986இல்தான் ஹைட்ரோசைனஸ் டான்ஸானியே என்று தனி இனமாக விவரிக்கப்பட்டது. மலைச்சரிவிலும் இதே கதைதான்: உட்சுங்வாவில் சான்ஜே மங்காபி குரங்கை அறிவியல் அறிந்தது 1979இல். அங்கே 1992இல் தேசியப் பூங்கா அமைந்தது. மலைக்குக் கிடைத்த அந்தக் காவல் கீழே இருந்த நாணலுக்குக் கிடைக்கவில்லை.

காவலின் அருமையை மலைச்சரிவின் இன்னொரு மூலை கசப்பாகக் காட்டியது. கிலொம்பேரோவில் வந்து சேரும் கிஹான்சி ஆறு ஒரு பள்ளத்தில் அருவியாக விழும் இடத்தில், அருவிச் சாரலில் நனைந்த சில ஏக்கர் புல்வெளியில் மட்டும், விரல்நுனி அளவுத் தேரை ஒன்று வாழ்ந்தது. அது கண்ணில் பட்டது 1996இல். அப்போது 180 மெகாவாட் நீர்மின் திட்டம் கட்டிக்கொண்டிருந்தார்கள். 2000இல் நீர் திருப்பப்பட்டதும் அருவியின் ஓட்டம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. செயற்கைச் சாரல் அமைத்தும், பூஞ்சை நோயும் சேர்ந்துகொள்ள, 2009இல் அது இயற்கையில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவின் பிராங்ஸ், டொலீடோ விலங்குக் காட்சியகங்களில் வளர்த்த தேரைகளை 2012 முதல் மீண்டும் கொண்டுவந்து விட்டார்கள். நீரின் அளவில் ஏற்படும் மாற்றம் ஓர் உயிரினத்தைச் சில ஆண்டுகளில் துடைத்துவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இந்த வடிநிலத்தில் இல்லை. குருவியின் வாழிடம் தேரையினுடையதைவிடப் பரந்தது. ஆனால் அதுவும் ஒரே ஆற்றின் விளிம்புதான்.

2002 ஏப்ரலில் கிலொம்பேரோ வெள்ளச் சமவெளி, 7,967 சதுர கிலோமீட்டர் பரப்போடு, ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய தாழ்நில நன்னீர் வெள்ளச் சமவெளி என்பதும், அந்த மூன்று பறவைகளும், பூக்கு மான்களும், முதலைகளும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். பட்டியல் ஒரு பெயர்ப்பலகையாகவே நெடுநாள் இருந்தது. அந்த ஆண்டின் கணக்கெடுப்பில் கிலொம்பேரோ மாவட்டத்தில் சுமார் 3,20,000 பேர். பத்தாண்டில் அது 4,00,000ஐத் தாண்டியது. வடமேற்கிலிருந்து சுகுமா இடையர்கள் பெரும் மந்தைகளோடு வந்தார்கள். உசாங்கு சமவெளியிலிருந்து 2006இல் வெளியேற்றப்பட்ட மந்தைகளில் ஒரு பகுதியும் இங்கே வந்து சேர்ந்தது. செட்ஸி ஈ ஒருகாலத்தில் தடுத்துவைத்த மாடுகள், புதர் அழிந்து மருந்துகளும் கிடைத்த பிறகு ஆற்றோரம் வரை இறங்கின. உலர்பருவத்தில் இளம்புல்லுக்காக நாணலுக்குத் தீ வைப்பதும், நெல்லுக்காக விளிம்பை வெட்டித் திருத்துவதும் பெருகின. 2012 அக்டோபரில் அரசு சமவெளியைக் காப்பாற்றும் நடவடிக்கை என்று அறிவித்து மந்தைகளை வெளியேற்றியது. அதன் கடுமை இடையர்களின் மனத்தில் ஆறாத வடுவாக நிற்கிறது. வெளியேறிய மந்தைகளில் பல சில ஆண்டுகளில் திரும்பிவிட்டன. ஆற்றோரக் குருவியையும் பிழைக்க வந்த இடையரையும் எதிரெதிரே நிறுத்தும் வழியில் இரண்டு பேருக்கும் நன்மை விளையவில்லை என்பதையே அந்த நிகழ்வுகள் காட்டுகின்றன.

இதே காலத்தில் 1929இன் கனவு இன்னொரு முறை திரும்பி வந்தது. தெற்குத் தான்சானியாவின் வேளாண் வளர்ச்சித் தடம் என்ற திட்டம் 2010ஐ ஒட்டித் தொடங்கப்பட்டு, கிலொம்பேரோ அதன் முதன்மைப் பகுதிகளில் ஒன்றானது. 1980களில் வட கொரியக் கூட்டுறவோடு தொடங்கிக் கைவிடப்பட்ட ம்ங்கேட்டாவின் நெற்பண்ணை, தனியார் முதலீட்டில் 5,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பில் மீண்டும் எழுந்தது. பத்தாண்டில் அதுவும் கடனில் தடுமாறியது. வெளியிலிருந்து வந்த பெருந்திட்டங்கள் பல இந்தச் சமவெளியில் குறைந்த காலமே தாக்குப்பிடித்திருக்கின்றன. சிறு உழவர்களின் நெல்தான் தொடர்ந்து பெருகி, ஆற்றை நோக்கி நெருங்கிக்கொண்டே போனது.

2018இல் இஃபகாராவுக்குத் தெற்கே ஆற்றின் மேல் சுமார் 384 மீட்டர் நீளப் பாலம் திறக்கப்பட்டது. மழைக்காலத்தில் மஹெங்கே பக்கம் துண்டிக்கப்பட்டுக் கிடந்த மக்களுக்கு அது நெடுநாள் தேவை. நோயாளிகளும் நெல்லும் படகுக்குக் காத்திருந்த காலம் போயிற்று. படகுத்துறை தன் வேலையை இழந்தது. கீழே ருஃபிஜியில், ஸ்டீக்லர் பள்ளத்தில், 2,115 மெகாவாட் திறன் கொண்ட ஜூலியஸ் நைரேரே அணையில் 2022 டிசம்பரில் நீர் நிரப்பத் தொடங்கினார்கள். அது கிலொம்பேரோ சமவெளிக்கு வெகு கீழே இருப்பதால் நாணலை மூழ்கடிக்காது. ஆனால் அதன் சுழலிகளுக்குத் தேவையான நீரில் பெரும்பங்கு இந்தச் சமவெளி வழியாகத்தான் போக வேண்டும். ஆகவே மேலே பாசனத்துக்கு எடுக்கும் நீரையும், சதுப்பு தேக்கிவைத்து மெதுவாக விடும் நீரையும் பற்றி இதுவரை பறவையியலாளர்கள் மட்டும் பேசியதை இனி மின்துறையும் பேச வேண்டியிருக்கிறது.

கிலொம்பேரோ தூக்கணாங்குருவி உலக அளவில் அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. நாணல் மிஞ்சியிருக்கும் கரைகளில் அதன் கூட்டங்கள் இன்னமும் காணக் கிடைக்கின்றன. அதனோடு ஒரே பத்தாண்டில் கண்ணில் பட்ட இரண்டு சிஸ்டிகோலாக்களும் 2021இல்தான் முறையாக விவரிக்கப்பட்டன. அவற்றில் ஒன்றுக்குச் சூட்டப்பட்ட பெயர் பேக்கரோரம். முப்பது ஆண்டுகளுக்கு முன் தூக்கணாங்குருவிக்குப் பெயர் தந்த அந்த இருவரின் பெயர் அது.